வடக்கு டகோட்டா: எண்ணெய்க்கு முன்னால் கோதுமை
அமெரிக்க மாநிலமான வடக்கு டகோட்டாவின் வளர்ச்சிக்கு, அங்குள்ள பாக்கன் பாறைப் படிவத்திலிருந்து எடுக்கும் எண்ணெய்தான் காரணம் என்று உங்கள் கட்டுரை முடித்துவிட்டது வருத்தமாக இருக்கிறது. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அங்கே பெரிய காரியம் நடந்திருக்கிறது. பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவின் மினியாபொலிஸ் நகரத் தானிய வியாபாரிகள் நல்ல கோதுமையையும் தரம் குறைவு என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். கடன் வட்டியோ கொள்ளை. பொறுத்துப் பார்த்த விவசாயிகள் 1915-ல் கட்சி சாராத ஒரு சங்கம் அமைத்து, அடுத்த ஆண்டே லின் ஃபிரேசியர் என்ற விவசாயியை ஆளுநராக்கினார்கள். 1919-ல் மாநில அரசே வங்கி தொடங்கியது. அப்புறம் 1922-ல் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் அரசு மாவு ஆலை. இரண்டும் இன்றும் ஓடுகின்றன! அந்த வங்கி உள்ளூர் வங்கிகளோடு மல்லுக்கு நிற்பதில்லை, அவற்றோடு சேர்ந்தே விவசாயிக்கும் சிறுதொழிலுக்கும் கடன் தருகிறது. அதைப் பற்றியும் விரிவாக எழுதுங்கள் ஐயா.