கை தூக்குறது ஒருத்தன், ஓடுறது ஒருத்தன்

(ஃபுட்பால் மேட்ச் முடிந்து மைதானத்து ஓரம். கோல்கீப்பர் காதர் கிளவுஸைக் கழற்றுகிறார். எதிரே டிஃபென்ஸ் கேப்டன் செல்வா. தோற்ற முகம் ஒருவருக்குத்தான் இருக்கிறது.)

காதர்: ஏழு கோல்டா தம்பி. ஏழு!

செல்வா: ஸ்கோரையே பாக்காதீங்கண்ணே. பாஸ் போடுற நேரத்துல நம்ம டிஃபென்ஸைத் தாண்டி நிக்க வச்சு, அவங்களை ஆஃப்சைடுல மாட்டவிட்டோமா இல்லையா?

காதர்: ரெண்டு தடவை. அதுல ஒருத்தன் தண்ணி குடிக்கப் போனவன்.

செல்வா: 2024 அக்டோபர்ல பார்சிலோனா என்ன பண்ணுச்சு? ரியல் மாட்ரிட்டை அவங்க மைதானத்துலயே 12 தடவை ஆஃப்சைடுல பிடிச்சுது. மாட்ரிட் ஃபார்வர்டு எம்பாப்பே மட்டும் 8! 4-0ண்ணே. எல்லாம் பார்சிலோனா கோச் ஃப்ளிக் போட்ட ஹை லைன். டிஃபென்ஸ் மொத்தமும் கோலை விட்டு மேல ஏறி நின்னுச்சு.

காதர்: அதே சீசன் சாம்பியன்ஸ் லீக் செமிஃபைனல்ல இன்டர் மிலான்கிட்ட ரெண்டு மேட்ச்ல 7 கோல் வாங்குச்சே, அது?

செல்வா: 6 போட்டாங்கல்ல?

காதர்: நாம எத்தனை போட்டோம்?

செல்வா: ...லைன் மேல ஏறினா மைதானம் சுருங்கும்ணே. ஃபார்வர்டுக்கும் டிஃபென்ஸுக்கும் நடுவுல அவங்களுக்கு இடமே கிடைக்காது. பந்து போனாலும் அவங்க கோல் பக்கத்துலயே திரும்பப் பிடுங்கிடலாம்.

காதர்: சுருங்கின இடமெல்லாம் எங்க போச்சு தெரியுமா? என் முன்னாடி விரிஞ்சு கிடக்கு. உனக்கும் எனக்கும் நடுவுல கிட்டத்தட்ட அரை மைதானம். கத்தினாக்கூட உனக்குக் கேக்கலை.

செல்வா: கேட்டுது. பாராட்டுறீங்கன்னு நினைச்சேன். அண்ணே, அந்த இடத்தைக் கீப்பர்தான் பாத்துக்கணும். 2014 உலகக்கோப்பைல அல்ஜீரியாவோட மேட்ச்ல ஜெர்மனி கீப்பர் நொயர் பெனால்ட்டி பாக்ஸை விட்டு வெளிய வந்து வந்து கிளியர் பண்ணலையா?

காதர்: நானும் வந்தேனே! தலைக்கு மேல தூக்கிப் போட்டுட்டான். அப்புறம் பந்தும் நானும் கோலைப் பாத்து ஓடினோம். அது முதல்ல போயிடுச்சு.

செல்வா: பரவால்லண்ணே, ரெண்டாவது வந்தீங்க.

காதர்: டேய்! லைன் மேல ஏறணும்னா, பந்து வச்சிருக்கறவன் மேல ஒருத்தன் விழணும். அவன் தலையைத் தூக்கிப் பாக்கவே விடக்கூடாது. நம்ம ஃபார்வர்டு இடுப்புல கையை வச்சுக்கிட்டு, அவன் பாஸ் போடுற அழகை ரசிச்சுக்கிட்டு நிக்கிறான்.

செல்வா: அதுக்கு நாங்க என்ன பண்றது? மூணு பேரும் கரெக்டா ஏறி, ஆஃப்சைடுன்னு கையைத் தூக்கினோம்.

காதர்: நாலாவது ஆளு?

செல்வா: பாலு... ஷூ லேஸ் கட்டிக்கிட்டிருந்தான்.

காதர்: எங்க?

செல்வா: பெனால்ட்டி ஸ்பாட் பக்கத்துல.

காதர்: ஆஃப்சைடுக்கு நம்ம பக்கம் கடைசியிலிருந்து ரெண்டாவது ஆள்தானே கணக்கு? நான் ஒண்ணு, அவன் ரெண்டு. அவங்க டீம்ல அத்தனை பேரும் ஆன்சைடு! ரெஃப்ரீகூட ஆன்சைடுடா!

செல்வா: அது ஒரு கோல்தான். 2022 உலகக்கோப்பைல சவூதி அரேபியா இதே ஹை லைனை வச்சுத்தானே அர்ஜென்டினாவையே 2-1னு சாய்ச்சுது? முதல் பாதியில அர்ஜென்டினா போட்ட மூணு கோல் ஆஃப்சைடுன்னு போச்சு.

காதர்: அங்க வீடியோல தோள்பட்டையை அளந்து சொன்னாங்க. இங்க ஆஃப்சைடு காட்டக் கொடி பிடிச்சது யாரு?

செல்வா: அவங்க சப்ஸ்டிட்யூட்.

காதர்: ஆறாவது கோலுக்குக் கொடியைத் தூக்கினான். அப்பாடான்னு பந்தை எடுத்து ஃப்ரீகிக் வைக்கப் போனேன். பாத்தா, கொடியை ஆட்டிக் கொண்டாடுறான்டா!

செல்வா: சரிண்ணே, பாலுவுக்கு லேஸ் இல்லாத ஷூ வாங்கிடலாம். லைன் மட்டும் அப்படியே இருக்கட்டும்.

காதர்: தாராளமா. அடுத்த மேட்ச்ல நான் உன் இடத்துல நின்னு கையைத் தூக்குறேன். நீ இந்த கிளவுஸை மாட்டிக்கோ.

செல்வா: (கிளவுஸைப் பார்க்கிறான். கோலைப் பார்க்கிறான்.) ...அப்ப லைன் பாக்ஸ் ஓரத்துலயே இருக்கட்டும்ணே.