வாங்குகிறவர் ஒருவர், ஓட்டுகிறவர் வேறொருவர்

ஆபீஸ் சாட் செயலி பற்றிக் கொஞ்சம் புலம்ப வேண்டும். எங்கள் டீமில் பாதிப் பேருக்கு 8 ஜிபி ரேம் லேப்டாப்தான். காலையில் ஆன் செய்ததும் அந்தச் செயலி தானாகவே எழுந்துகொள்ளும். டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் ஒரு ஜிபிக்கு மேல் விழுங்கிவிட்டு முதல் வரியில் உட்கார்ந்திருக்கும். எக்செல்லை இன்னும் தொடவே இல்லை. "ஓகே சார்", "நோட்டட்", ஒரு கட்டைவிரல். இதை அனுப்பத்தான் இத்தனையும்.

காரணம் பரம ரகசியம் ஒன்றும் இல்லை. ஸ்லாக், பழைய டீம்ஸ் போன்ற ஆபீஸ் சாட் செயலிகள் எல்லாம் எலெக்ட்ரானில் எழுதியவை; வெப் பக்கம் எழுதுகிற மாதிரியே டெஸ்க்டாப் செயலி எழுத உதவும் கருவி அது. அப்படி எழுதும் ஒவ்வொரு செயலியும் குரோமியம் (குரோமின் அடிப்படை) பிரவுசர் ஒன்றை முழுசாக உள்ளே வைத்துக்கொண்டுதான் வரும். ஒருமுறை எழுதிய புரோகிராமையே விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓட்டலாம் என்பதால் செய்கிறவருக்குச் செலவு மிச்சம். அந்தச் செலவு நம் ரேமில் வந்து விடிகிறது.

குறைக்க முடியாதா என்றால், முடியும். 2023இல் மைக்ரோசாஃப்ட் டீம்ஸை எலெக்ட்ரானிலிருந்து வெப்வியூ2-க்கு (விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் எட்ஜ் பிரவுசர் எஞ்சினையே பயன்படுத்தும் வழி) மாற்றி, இரண்டு மடங்கு வேகம், பாதி மெமரி என்று பெருமையாக அறிவித்தது. டீம்ஸ் வெளிவந்ததோ 2017இல். இடையில் ஆறு வருடம் என்ன அவசரம்? ஆபீஸ் தொகுப்போடு சேர்ந்தே வருகிற சரக்கு, பிடிக்கவில்லை என்று ஊழியர் எங்கே போய்விடுவார்? இப்படிச் சேர்த்துக் கட்டுவதை எதிர்த்துத்தான் 2020 ஜூலையில் ஸ்லாக் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது. அப்புறம் 2023இல் ஐரோப்பாவிலும் 2024இல் மற்ற நாடுகளிலும் டீம்ஸ் இல்லாத தொகுப்பு விற்பனைக்கு வந்தது. (ஸ்லாக்கும் எலெக்ட்ரான்தான். நம் ரேமுக்காக யாரும் வழக்காடவில்லை.)

எந்தச் செயலியை வாங்குவது என்று பேசும் கூட்டம் ஒன்றில் நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஒப்பீட்டு ஷீட்டில் ஆளுக்கு மாதம் எவ்வளவு, சிங்கிள் சைன்-ஆன் (ஒரே லாகினில் எல்லாச் செயலிகளும்) உண்டா, பழைய மெசேஜ்களை எத்தனை வருடம் வைக்கலாம் என்று வரிசையாக இருந்தது. மெமரிக்கு ஒரு கட்டம்கூட இல்லை. டெமோ ஓடியது மேலாளரின் 32 ஜிபி மெஷினில். வெண்ணெயாக ஓடாமல் என்ன செய்யும்?

ஐடி டீமில் டிக்கெட் போட்டேன். "ரேம் அப்கிரேடுக்கு பட்ஜெட் இல்லை, பிரவுசரில் திறந்து பாருங்கள்" என்று பதில் வந்தது. பார்த்தேன், கொஞ்சம் தேவலை. ஆனால் அந்தச் செயலியின் லைசென்ஸ் அடுத்த வருடம் புதுப்பிக்க வருகிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வாரம் ரிசப்ஷன் லேப்டாப்பில் உட்கார்ந்து மேலாளரே வேலை பார்க்கட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.