'ரோஜர்' என்பது பதில் இல்லை

ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில், ஓடுபாதையிலேயே இரண்டு விமானங்கள் மோதிக்கொண்ட விபத்தைப் பற்றிய அந்தப் பதிவை நீங்களும் பகிர்ந்திருக்கிறீர்கள். "ஒரு கேப்டனின் திமிர், 583 உயிர்." ஒரே வரியில் கதை முடிந்துவிட்டது. மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

1977 மார்ச் 27, கடும் மூடுபனி. ஓடுபாதையில் நின்ற கே.எல்.எம். (டச்சு நிறுவனம்) விமானத்துக்குக் கிடைத்தது, மேலேறிய பிறகு எந்த வழியில் போக வேண்டும் என்ற அனுமதி மட்டுமே. புறப்பட அனுமதி இல்லை. ஆனால் அந்த வாசகத்துக்குள்ளேயே 'டேக்ஆஃப்' (புறப்பாடு) என்ற சொல் இருந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி, "வி ஆர் நவ் அட் டேக்ஆஃப்" என்று முடித்தார். தயாராக நிற்கிறார்கள் என்று, கோபுரத்திலிருந்து விமானங்களுக்கு அனுமதி தரும் கன்ட்ரோலர் எடுத்துக்கொண்டார். விமானமோ உருளத் தொடங்கியிருந்தது.

கன்ட்ரோலர் "ஓகே" என்றார். சற்று விட்டு, "காத்திருங்கள், கூப்பிடுகிறேன்" என்றார். அதே நேரத்தில், அதே ஓடுபாதையில் எதிரே வந்துகொண்டிருந்த பான் ஆம் விமானம், "இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்றது. ஒரே அலைவரிசையில் இருவர் ஒன்றாகப் பட்டனை அழுத்தினால் கீச்சொலிதான் மிஞ்சும். கே.எல்.எம். காக்பிட்டில் தெளிவாக விழுந்தது அந்த "ஓகே" மட்டும்.

கேப்டன் மேல் தப்பே இல்லையா? இருக்கிறது. பான் ஆம் விலகிவிட்டதா என்று ஃபிளைட் இன்ஜினீயர் கேட்டபோதே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டிவிட்டால் அந்த "ஓகே"யைப் பற்றி யார் பேசுவது? அதற்குப் பிறகுதான் 'டேக்ஆஃப்' என்ற சொல்லை, புறப்படும் அனுமதியைக் கொடுக்கவோ ரத்து செய்யவோ மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று விதி வந்தது.

"ஆங்கிலம் தெரியாததுதான் பிரச்சினை" என்கிறார்கள். 1989இல் கோலாலம்பூர் அருகே விழுந்த ஃபிளையிங் டைகர் சரக்கு விமானத்தில் இருந்தவர்கள் அமெரிக்கர்கள். "டிசென்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ", அதாவது 2,400 அடிக்கு இறங்கு. அந்த 'டூ' அவர்கள் காதில் இரண்டாக விழவில்லை, '400 அடிக்கு' என்பதில் வரும் 'க்கு'வாக விழுந்தது. "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ" என்று திருப்பியும் சொன்னார்கள். தப்பு அப்பட்டமாக வானொலியில் வந்தது, யாரும் திருத்தவில்லை. மலையில் மோதி நான்கு பேரும் போனார்கள்.

திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: சொன்னால் போதாது, எப்படிக் காதில் விழுந்தது என்று கேட்டாக வேண்டும். வானொலியில் 'ரோஜர்' என்றால், சொன்னது வந்து சேர்ந்தது என்று மட்டும்தான் பொருள். உயரம், திசை, ஓடுபாதை எண், அல்டிமீட்டரில் (உயரமானியில்) வைக்க வேண்டிய காற்றழுத்தம் எல்லாம் எண்ணோடு திரும்பி வர வேண்டும். கன்ட்ரோலரும் அடுத்த விமானத்துக்குத் தாவாமல் அதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

அதுவும் சில நேரம் போதவில்லை. 2024 ஜனவரி 2, டோக்கியோவின் ஹனேடா விமான நிலையம். "நம்பர் ஒன் (புறப்படும் வரிசையில் முதலாவது), ஓடுபாதைக்கு வெளியே உள்ள சி5 காத்திருப்பு இடத்துக்கு வாருங்கள்" என்ற பொருளில் கன்ட்ரோலர் சொன்னதைக் கடலோரக் காவல் விமானம் சரியாகவே திருப்பிச் சொன்னது. ஆனால் 'நம்பர் ஒன்' என்றதும், ஓடுபாதைக்குள் நுழையலாம் என்று அதன் கேப்டன் நம்பிவிட்டார். தரையிறங்கிய பயணிகள் விமானம் வந்து மோதியது. அவருடன் இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள். வரிசை எண் சொல்வதையே அங்கே சில காலம் நிறுத்திவைத்தார்கள்.

அவரையும் திமிர் பிடித்தவர் என்பீர்களா? தயவுசெய்து அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள்.