‘காஸிப்’ பிறந்தது சாராயக்கடையில் அல்ல

வாட்ஸ்அப்பில் மறுபடியும் சுற்றுகிறது அந்தக் கதை. டிவி, ரேடியோ இல்லாத காலத்தில் ஆங்கிலேய அரசியல்வாதிகள் தங்கள் ஆட்களை மதுக்கூடங்களுக்கு அனுப்பி, ‘கோ, சிப்’ (போ, ஒரு மடக்கு குடி, அப்படியே ஊர்ப் பேச்சைக் கேட்டு வா) என்பார்களாம். அதிலிருந்துதான் ‘காஸிப்’ (gossip, வம்புப் பேச்சு) என்ற சொல் வந்ததாம்.

கதை ஜோர். ஆனால் பொய்.

பழைய ஆங்கிலத்தில் இது ‘கோட்சிப்’ (godsibb). ‘கோட்’ என்றால் கடவுள், ‘சிப்’ என்றால் உறவு. உடன்பிறப்பை ‘சிப்லிங்’ (sibling) என்கிறோமே, அதிலிருக்கும் அதே ‘சிப்’; மடக்குக் குடிக்கும் ‘சிப்’ (sip) அல்ல. ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தாய், ஞானத்தந்தைக்கான உறவுச்சொல் இது. கல்யாணத்தால் சம்பந்தி ஆவதுபோல, ஞானஸ்நானத்தால் வந்த சொந்தம். 1014-ஆம் ஆண்டை ஒட்டிய வுல்ஃப்ஸ்டன் பேராயரின் பிரசங்கத்திலேயே இந்தச் சொல் இருக்கிறது. நடுவிலிருந்த ‘ட்’ பிறகு தேய்ந்துபோனது. நற்செய்தி என்று பொருள்படும் ‘காஸ்பெல்’ (பழைய வடிவம் ‘கோட்ஸ்பெல்’) என்ற சொல்லிலும் இதேதான் நடந்தது.

ஞானத்தாய் மெல்ல நெருங்கிய தோழியானாள். பிரசவ அறையில் துணைக்குக் கூடிய பெண்களுக்கும் அந்தப் பெயர் ஒட்டியது. அங்கே பேச்சுக்குப் பஞ்சமா? வம்பளப்பவர் என்ற பொருள் அப்புறம் வந்தது. வம்புப் பேச்சுக்கே பெயரானது 19-ஆம் நூற்றாண்டில்தான்.

1755-இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி இதை வரிசையாகவே தருகிறது: முதலில் ஞானப்பெற்றோர், அடுத்து கூடக் குடிக்கும் கூட்டாளி, மூன்றாவதாக, பிரசவ வீட்டுப் பெண்களைப்போல வம்பளந்து திரிபவர். மனுஷனுக்குக் குசும்பு ஜாஸ்தி.

இரண்டாவது பொருளில் குடி வருகிறதே என்று கேட்கலாம். வருகிறது, ஆனால் அது நட்பிலிருந்து கிளைத்த பொருள், சொல்லின் வேர் அல்ல.