பழவேற்காட்டு மணலுக்கு விளக்கு வேண்டாம்

எங்கள் வீடு தடாவில். ஆந்திராவில் இருந்தாலும் வீட்டில் பேசுவது தமிழ்தான். சின்னம்மாவைக் கட்டிக்கொடுத்தது பழவேற்காட்டு ஏரியின் தமிழ்நாட்டுக் கரையில். அதனால் ஏரியின் இரண்டு பக்கமும் எனக்குச் சொந்த ஊர்.

கொஞ்ச நாளாக, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துப் பக்கத்து மணலைப் படம் எடுத்து, 'யாருமே இல்லாத பீச்' என்று ரீல்ஸ் போடுகிறார்கள். ரோடு போட்டு, லைட் போட்டு, நாலு ரிசார்ட் கட்டினால் எங்கேயோ போய்விடும் என்று கீழே கமெண்ட். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

போன மாசியில் சித்தப்பா என்னை ராத்திரி அந்த மணலுக்குக் கூட்டிப்போனார். டார்ச்சை எடுத்தேன். "அணைச்சுப் பையில வைம்மா" என்றார். இருட்டிலேயே வெகுநேரம் நடந்தோம். டிராக்டர் ஏறிய மாதிரி ஒரு தடம் கடலிலிருந்து மேலே வந்திருந்தது. தடம் முடிந்த இடத்தில் பங்குனி ஆமை, ஆலிவ் ரிட்லி என்கிற கடலாமை. பின்துடுப்பைக் கை போலக் குவித்து மணலை அள்ளி அள்ளிப் போட்டது. நூறு முட்டைக்குப் பக்கம் இருக்கும். குழியை மூடி, உடம்பை இப்படியும் அப்படியும் சாய்த்துத் தட்டி மண்ணை இறுக்கிவிட்டுத்தான் கடலுக்குத் திரும்பியது. நான் அழுதுவிட்டேன்.

45 முதல் 60 நாளில் குஞ்சு வெளியே வரும். எந்தப் பக்கம் வெளிச்சமோ அதுதான் கடல் என்று நம்பி ஓடும். ரிசார்ட் விளக்கு எரிந்தால் ஊருக்குள் ஓடும். நாயும் காக்கையும் காத்திருக்கும். 2025 ஜனவரியில் சென்னைக் கரை நெடுக ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கினவே, கடலிலேயே அந்தக் கதி என்றால் கரையையாவது விட்டுவைக்க வேண்டாமா?

ஏரியை 1976-இல் ஆந்திராவும் 1980-இல் தமிழ்நாடும் பறவைச் சரணாலயம் ஆக்கின. பூநாரைக் கூட்டத்தின் மேல் ட்ரோன் விட்டால் மேய்ச்சலை விட்டு மொத்தமும் எழுந்துவிடும். மனிதருக்கும் அங்கே கணக்கு உண்டு. இன்றைக்கு எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று மீனவர்கள் முறை வைத்திருக்கிறார்கள், 'பாடு' என்று பெயர். இதையா யாருமே இல்லாத இடம் என்கிறீர்கள்?

வராதீர்கள் என்று சொல்லவில்லை. பகலில் வாருங்கள், நடந்து வாருங்கள், குப்பத்தில் நண்டு வாங்கிச் சாப்பிடுங்கள், பாட்டிலைத் திரும்ப எடுத்துப் போங்கள். சுற்றிப்பார்க்கப் படகு மட்டும் கேட்காதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று கவிழ்ந்த படகில் 22 பேர் போனதை இந்தக் கரை மறக்கவில்லை.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகாதே என்றால், எங்கள் ஆட்கள் அன்றைய கூலியை விட்டுவிட்டு வலையை மடித்து வைக்கிறார்கள். அதே மாதிரி நீங்களும், ஆமை கரையேறும் தையிலிருந்து பங்குனி வரை ராத்திரியில் அந்த மணலுக்கு வெளிச்சத்தோடு வராமல் இருங்கள். லொகேஷன் போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.