மாதத்துக்கு ஒரு வீடு

எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாகம் பிரிக்கும்போது, நிலத்துக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் முறை பேசி முடித்த கையோடு அம்மாவுக்கும் முறை பேசிவிடுவார்கள். பெரியவன் வீட்டில் ஒரு மாதம், அடுத்தவன் வீட்டில் ஒரு மாதம் என்று முடிவாகும் ஏற்பாட்டை ஊரும் நியாயம் என்றே சொல்லும். பிள்ளைகளுக்குள் அது நியாயமாகவே இருக்கட்டும். வயதானவரின் உடம்புக்கு இதைவிடக் கெடுதலான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

பிள்ளைகள் ஒரே தெருவில் குடியிருந்த காலத்தில் முறை மாறுவதென்றால் பாயும் தட்டும் நாலு வீடு தள்ளிப் போகும், அவ்வளவுதான். இப்போது ஒருவன் பாலக்கோட்டில், ஒருவன் ஓசூர் சிப்காட்டில், ஒருவன் பெங்களூரில். என் பெரியம்மா ஒருவருக்கு இப்படித்தான் வாழ்க்கை நடக்கிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு வீடு தேடி மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. ஊரில் இருக்கும் மாதங்களில் அவருக்கும் அப்படி மாத்திரை வந்துவிடும். ஓசூருக்குப் போனால் மகன் பழைய அட்டையைக் காட்டி மருந்துக்கடையில் வாங்குவார். பெங்களூரில் வேறு மருத்துவர், வேறு சீட்டு.

ஒருநாள் அவருடைய மஞ்சள் பையைக் கவிழ்த்துப் பார்த்தபோது, ஒரே சர்க்கரை மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு நிற அட்டைகளில் இருந்தது. இரண்டையும் வேளை தவறாமல் விழுங்கிக்கொண்டிருந்தார். விடியற்காலையில் வியர்த்துக் கொட்டுகிறது, கைகால் நடுங்குகிறது என்று அவர் சொன்னதை வீட்டில் வயசுக் கோளாறு என்று விட்டிருந்தார்கள். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியதன் அடையாளம் அது என்று ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் விளக்கிய பிறகுதான் மகன்கள் மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசினார்கள்.

மருந்து ஒரு பக்கம் இருக்க, வீடும் ஆளைத் தள்ளாட வைக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வருவதற்கு முன்பு பல ஆண்டுகள் ஃபுளோரைடு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்த தலைமுறையில், முட்டியும் முதுகும் இறுகிப்போனவர்கள் பலர். அவர்களால் குத்தவைக்கும் கழிப்பறையில் உட்கார்ந்தால் எழ முடியாது. பழகிய வீட்டில் இருட்டிலும் எந்தச் சுவரைப் பிடிக்க வேண்டும் என்று கைக்குத் தெரியும். புது வீட்டின் வழுக்கும் தரையில் அது தெரியாது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பலருக்கு அதற்குப் பிறகு நடமாட்டமே இல்லை. இந்தப் பயத்தில் இரவில் எழவே கூடாதென்று சாயங்காலத்திலிருந்து தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். அதனால் நீர்க்கடுப்பும் மயக்கமும் வருகின்றன. மருமகள் கழிப்பறையைக் கழுவ நேருமே என்ற கூச்சமும் அதில் சேர்ந்திருக்கிறது. இதை எந்த மருத்துவரிடமும் அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அதற்காகத் தனியாக விட்டுவிடுவதே மேல் என்று நான் சொல்லவரவில்லை. ஒற்றை ஆளுக்கு எதற்கு அடுப்பு என்று காலையில் கிளறிய களியையே ராத்திரிக்கும் வைத்துக்கொள்ளும் கிழவிகளைப் பார்த்திருக்கிறேன். பருப்பு, முட்டை எதுவும் இல்லாமல் அவர்கள் உடம்பு கரைவதைக் கவனிக்க ஆளில்லை. முதியோர் இல்லத்துக்குப் பணம் கட்டும் வசதி இங்கே பெரும்பாலான குடும்பங்களுக்குக் கிடையாது.

எனக்குச் சரியென்று படுவது, அம்மா அவர் வீட்டிலேயே இருப்பதும், முறையைப் பிள்ளைகள் தங்களுக்கு வைத்துக்கொண்டு வந்துபோவதும்தான். ஓசூரிலிருந்து பாலக்கோட்டுக்கு ஒரு விடுமுறை நாளில் வந்து திரும்பிவிடலாம். பக்கத்தில் இருக்கும் மகனும் மருமகளும் தினப்படிப் பாட்டைச் சுமக்கிறார்கள் என்றால் மற்ற இருவரும் அதற்குப் பணம் தர வேண்டும். “அவன்தானே பக்கத்துல இருக்கான்” என்ற பேச்சு ஆகாது. ஒரு மேற்கத்திய கழிப்பறை, பிடித்தெழ ஒரு கம்பி, ராத்திரி முழுக்க எரியும் ஒரு சின்ன விளக்கு ஆகியவற்றை மூன்று வீட்டிலும் செய்வதைவிட ஒரே வீட்டில் செய்வது எளிது.

இதற்கெல்லாம் அந்த வீடு அம்மா பெயரில் நிலைக்க வேண்டும். எழுதிக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தானப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். அதை மீறினால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவின்படி, கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். பெற்ற பிள்ளையிடம் இப்படி எழுதி வாங்குவதா என்று கூச்சப்படுபவர்கள், நிலத்துக்கு மட்டும் எல்லைக்கல் நட்டுத்தானே பிரித்தார்கள்?