ஒரு மார்க் புத்தர்

போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் குமரி மாவட்டத்துச் சிதறால் மலைக்குப் போயிருந்தேன். மார்த்தாண்டத்தில் இருந்து கூப்பிடு தூரம்தான், ஆனாலும் நான் ஏறி நாலைந்து வருஷம் இருக்கும். கொல்லாமர நிழலில் கல் பாவிய பாதை. பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தோம். இறங்கி வந்த ஒரு அண்ணாச்சி, கேட்காமலே தகவல் சொன்னார்: "மேல பூரா புத்தர் சிலையாக்கும்."

மேலே இருப்பதில் ஒன்றுகூடப் புத்தர் இல்லை. எல்லாம் சமணச் சிற்பங்கள், பெரும்பாலும் அவர்களின் குருமார்களான தீர்த்தங்கரர்கள். தலைக்கு மேல் முக்குடை, பார்சுவநாதருக்குப் பின்னால் படமெடுத்த நாகம், சிங்கத்தோடு அம்பிகா என்ற யட்சி. அண்ணாச்சியைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணை மூடிச் சம்மணம் போட்டிருந்தால் நமக்கு எல்லாரும் புத்தர்தான். வீட்டு ஷோகேஸிலும் சலூன் கண்ணாடிக்குக் கீழேயும் வைக்கிறோமே, அந்தப் புத்தர்.

பிள்ளை ஆறாம் வகுப்பு. பாறை ஓரம் உட்கார்ந்து, கீழே வளைந்து போகும் குழித்துறை ஆற்றைப் பார்த்தபடி கேட்டாள்: "ஆசைதான் துன்பத்துக்குக் காரணம்னு சொன்னது புத்தர்தானே மாமா?"

"ஆமா மக்களே."

"அப்ப நான் ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கணும்னு அம்மா ஆசைப்படுறது தப்புதானே?"

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் இறங்கும்போது அது உறுத்திக்கொண்டே வந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துச் சரக்கை நாம் ஒரு மார்க் கேள்வியாகச் சுருக்கி வைத்திருக்கிறோம். அந்த ஒரு வரியும் அரைகுறை.

புத்தர் சொன்ன உண்மைகள் நாலு. துக்கம் இருக்கிறது, அதற்குக் காரணம் இருக்கிறது, அது தீரும், தீர்க்க வழி இருக்கிறது. நாம் இரண்டாவதை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டோம். எனக்கு ஒருமுறை தோள் இறங்கிப் போனபோது வர்ம ஆசானிடம் போனேன். தொட்டுப் பார்த்தார், எங்கே என்றார், எதனால் என்றார், "இது மாறும்" என்றார், அப்புறம்தான் எண்ணெயும் பத்தியமும். "எதனால்" என்பதோடு அவர் எழுந்து போயிருந்தால் எப்படி இருந்திருக்கும்? 'நோய்நாடி நோய்முதல் நாடி' குறளிலும் இதே வரிசைதான் இருக்கிறது.

அடுத்தது அந்த 'ஆசை'. பாலி மொழியில் அவர் சொன்ன சொல் தண்ஹா. நேர்ப் பொருள் தாகம். குடிக்கக் குடிக்கத் தீராத தாகம். நல்லது செய்ய வேண்டும் என்ற விருப்பத்துக்கு அந்த மொழியில் சந்தம் என்று வேறு சொல் இருக்கிறது, அதை அவர் தடுக்கவில்லை. ஞானம் பெற வேண்டும் என்ற விருப்பம் இல்லாமலா அரண்மனையை விட்டு நடந்தார்? பட்டினி கிடந்து உடம்பை வதைத்ததும் சரிப்படவில்லை என்றுதான் நடு வழிக்கு வந்தார். தியானத்துக்காக அளவுக்கு மீறி நடந்து நடந்து சோர்ந்துபோன சோணன் என்ற பிக்குவிடம், வீணை நரம்பை ரொம்ப முறுக்கினாலும் தளர விட்டாலும் இசை வராதே என்று கேட்டது அந்த வழியைச் சொல்லத்தான்.

தமிழில் இதைச் சரியாகப் பிடித்தவர் சாத்தனார். மணிமேகலையில் நாலு உண்மையையும் நாலே வரியில் அடைத்துவிட்டார்:

பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம்
பிறவார் உறுவது பெரும்பேர் இன்பம்
பற்றின் வருவது முன்னது பின்னது
அற்றோர் உறுவது அறிக

ஆசை என்று எழுதவில்லை பாருங்கள், பற்று என்று எழுதினார்.

இந்த வித்தியாசத்தை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் குடும்பத் தொழில் தேனீ வளர்ப்பு. 1990-களின் தொடக்கத்தில் நம் பக்கத்துத் தேனீக்களுக்கு ஒரு வைரஸ் நோய் வந்தது, பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். அடையைத் தூக்கிப் பார்த்தால் புழுக்கள் தண்ணீர்ப் பை மாதிரி செத்துக் கிடக்கும். அப்பாவிடம் அறுபது பெட்டி இருந்தது, சில வாரத்தில் ஐந்தாறுதான் மிச்சம். ரப்பர் தளிர் விடும் சீசனில் நாலு டின் தேன் கூடுதலாக வர வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டதில் ஒரு துன்பமும் இல்லை, அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் எல்லாம் போன பிறகும் தினம் விடியற்காலையில் ரப்பர் தோட்டத்துக்குப் போவார். காலிப் பெட்டி ஒவ்வொன்றையும் விரலால் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், அடுத்ததுக்குப் போவார். மாசக்கணக்கில் அப்படி. பற்று என்ற சொல்லைப் பார்த்தால் எனக்கு அந்தத் தட்டும் சத்தம்தான் கேட்கும்.

தேனீ என்றதும் இன்னொன்று. பூவின் நிறத்துக்கும் மணத்துக்கும் சேதமில்லாமல் தேனை எடுத்துக்கொண்டு போகும் வண்டைப் போலத் துறவி ஊருக்குள் திரிய வேண்டும் என்று புத்தர் வாக்குகளின் தொகுப்பான தம்மபதத்தில் வருகிறது. எங்கள் தொழிலைப் பற்றி யாரும் இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை. (பெட்டித் தேனில் சர்க்கரைப்பாகு கலந்து விற்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டாம்.)

சரி, இதற்கும் குமரி மாவட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். குஜராத்தில் உள்ள கிர்னார் பாறையில் அசோகர் வெட்டியிருப்பதைப் பாருங்கள். சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் நாடுகளிலும் இலங்கையிலும் மனிதருக்கும் கால்நடைக்கும் வைத்தியம் செய்தது, மூலிகை இல்லாத இடத்தில் கொண்டுபோய் நட்டது, வழியில் கிணறு தோண்டியது. தெற்கே அவர் அனுப்பியதாக அந்தப் பாறை சொல்வது மருந்தைத்தான். அவர் காலத்தில் மகிந்தர் என்ற பிக்கு மூலம் இலங்கைக்குப் போன பௌத்தம் அங்கே தேரவாதம் என்ற பிரிவாக நிலைத்தது. வடக்கே போனது சீனா, ஜப்பானில் மகாயானம், திபெத்தில் வஜ்ரயானம். பழக்கவழக்கம் ஊருக்கு ஊர் மாறினாலும் அந்த நாலு உண்மை எல்லா இடத்திலும் இருக்கிறது.

மணிமேகலையில் நம் கடலும் வருகிறது. ஆபுத்திரனின் தாய் சாலி, பாவம் கழுவக் காசியில் இருந்து குமரித்துறைக்கு நீராட வந்தவள். வழியில் பெற்ற பிள்ளையைப் போட்டுவிட்டுப் போக, ஏழு நாள் பசு பால் கொடுத்தது. அந்தப் பிள்ளை கைக்கு வந்த அமுதசுரபிதான் பிறகு மணிமேகலைக்குக் கிடைத்தது. பசியைப் பசிப்பிணி என்று சொல்லும் காப்பியம் அது. அங்கேயும் நோயும் மருந்தும்தான்.

இன்னும் நெருக்கமான சாட்சி சிதறாலிலேயே இருக்கிறது. அங்குள்ள கல்வெட்டு, அந்தக் காலத்தில் நம் பக்கத்தை ஆண்ட ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டு. குணந்தாங்கிக் குறத்தியார் என்ற சமணப் பெண் துறவி பொன் கொடுத்த செய்தி. இதே வரகுணன்தான் ஸ்ரீமூலவாசம் என்ற பௌத்தத் தலத்துக்கு நிலம் கொடுத்துப் பாலியம் செப்பேட்டில் பதிந்தான். ஒரே ராஜா ஆட்சியில் இரண்டுக்கும் இடம். இன்று ஒரு பதிவில் புத்தர் பெயரை எழுதினாலே "நீ எந்தக் கட்சி?" என்று கமெண்டில் வருகிறார்கள்.

அந்தக் கேள்வியை முழுதாகத் தள்ளவும் முடியாது என்பது என் எண்ணம். அயோத்திதாசர் 1898-இல் சென்னையில் பௌத்த சங்கம் தொடங்கியதும், அம்பேத்கர் 1956 அக்டோபர் 14-இல் நாக்பூரில் பௌத்தம் தழுவியதும் ஷோகேஸ் பொம்மைக்காக அல்ல. சாதியும் ஒரு துக்கம், அதற்கும் காரணம் உண்டு, அதுவும் தீரும் என்று நாலு உண்மையைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். அம்பேத்கர் பௌத்தம் தழுவிய பதினெட்டே நாளில், நவம்பர் 1 அன்று, நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. தற்செயல்தான், ஆனாலும் தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

இதையெல்லாம் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி, தாத்தா பெட்டி தட்டிய கதையோடு, பைக்கில் வரும்போது சொன்னேன். ஆசை இல்லை மக்களே, பற்று. கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

நேற்று தங்கச்சி போன் செய்தாள். வகுப்புத் தேர்வில் 'துன்பத்திற்குக் காரணம் ____' என்று வந்ததாம். பிள்ளை 'பற்று' என்று எழுதியிருக்கிறாள். சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் 'ஆசை' என்று திருத்திக் கொடுத்திருக்கிறார்கள். இருபத்தைந்துக்கு இருபத்துநாலு. தங்கச்சி என்னிடம் பேசிய தொனியை இங்கே எழுத முடியாது. பின்னாலிருந்து பிள்ளை குரல் மட்டும் கேட்டது: "மாமா, பெட்டியைத் தட்டாதீங்கன்னு அம்மாகிட்ட சொல்லுங்க."